பள்ளத்தில் ஒரு பேட்டை: உப்பளம் சொல்லும் புதுவை வரலாறு

புதுவையைப் பாடிய புலவர்கள் பலர். மணக்குளத்து விநாயகரைப் பாடினர். கடலையும் அதன்மேல் எழும் நிலவையும் பாடினர். குயில் கூவிய தோப்பைப் பாடினர். நகரின் தெற்கே, இரயில் நிலையத்துக்கு அப்பால் கிடக்கும் உப்பளத்தின் பக்கம் கவிதை அதிகம் திரும்பவில்லை. அதற்குப் புலவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நகரமே அந்தத் திசையைத் தன் கொல்லைப்புறமாக வைத்துக்கொண்டுதான் எழுந்தது. ஒரு வீட்டின் நிலையை அறிய விரும்புவோர் கூடத்தில் அமர்ந்து விடைபெற்றுப் போய்விடக் கூடாது; கொல்லைப்புறத்தையும் ஒருமுறை எட்டிப் பார்த்தல் வேண்டும். நகரத்துக்கும் அது பொருந்தும்.

‘அளம்’ என்பது உப்பு விளையும் பாத்தியைக் குறிக்கும் பழஞ்சொல். நெய்தல் நிலத்துப் பரதவரும், வண்டி பூட்டி உள்நாட்டுக்கு உப்புக் கொண்டுசென்ற உமணரும் சங்கச் செய்யுள்களில் இன்றும் வாழ்கின்றனர். உப்பளத்துக்குத் தெற்கே அரியாங்குப்பத்து ஆறு கடலொடு கலக்கிறது. அவ்வாற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானிய நாட்டோடு வாணிகம் செய்த துறையொன்றை வெளிக்கொணர்ந்தது. ஆகவே, இப்பகுதி வெறுமை நிலமாகக் கிடந்து, பிரெஞ்சுக்காரர் வந்த பின்னர்தான் உயிர் பெற்றது என்று எண்ணுவது பிழை.

உப்புக்கும் இந்த ஊருக்கும் இருந்த உறவு ஓர் உடன்படிக்கையால் குலைந்தது. நெப்போலியப் போர்களின் முடிவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1815 மார்ச்சில் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இந்தியாவிலிருந்த பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பைக் கொள்முதல் செய்யும் தனியுரிமை ஆங்கிலக் கம்பெனிக்குச் சென்றது. அதற்கு ஈடாகப் பிரெஞ்சு அரசுக்கு ஆண்டுதோறும் நான்கு இலட்சம் சிக்கா ரூபாய் கிடைத்தது. 1818இல் செய்த மற்றோர் ஒப்பந்தத்தில் உப்பு விளைவிப்பதையே நிறுத்திவிட இசைந்தனர். அளங்களின் உடைமையாளர்க்கு இழப்பீடாக ஆண்டுக்கு 4,000 வராகன் என்று முடிவாயிற்று. இழப்பீடு உடைமைக்குத்தான், வெயிலில் நின்று உப்பு வாரியவனின் உழைப்பு உடைமைக் கணக்கில் சேர்வதில்லை. அளத்தின் பெயர் மட்டும் ஊர்ப் பெயராக நிலைத்துவிட்டது.

புதுவை நகரம் கோடுகளால் ஆனது. பிரான்சுவா மார்த்தேன் 1674இல் இங்கு குடியேற்றத்தை நிறுவினார். 1693இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றி 1699இல் திருப்பித் தந்தனர். இடைப்பட்ட அச்சிறு காலத்தில் அவர்கள் வரைந்த நகரமைப்புத் திட்டமே, நேர்த் தெருக்கள் ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டிச் செல்லும் இன்றைய புதுவைக்கு மூலமாயிற்று. வடக்கிலிருந்து தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால் நகரை இரண்டாக வகிர்ந்தது. வாய்க்காலுக்குக் கிழக்கே கடலோரம் ஐரோப்பியர் வாழ்ந்த வெள்ளை நகர். மேற்கே தமிழர் வாழ்ந்த கறுப்பு நகர்.

கறுப்பு நகரும் ஒரே நிறமுடையதாக இல்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அங்கே தெருக்கள் குலத்துக்கும் தொழிலுக்கும் ஏற்பப் பகுக்கப்பட்டன. வைசியாள் வீதி என்ற பெயர் அப்பகுப்பின் எச்சம். பிரிவினையைப் பிரெஞ்சுக்காரர் மட்டுமே கொண்டுவந்தனர் என்று கூறித் தப்பித்துக்கொள்ள நமக்கு வழியில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று உண்டு. கிறித்தவக் கோயிலுக்குள்ளேயே தாழ்த்தப்பட்டோரை மற்றவர்களிடமிருந்து பிரித்து ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. பாதிரிமார் அதனை நீக்க, மேல்சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தனர். ஒரே தேவனை வணங்க வந்தவர்களுக்கு இடையே ஒரு சுவர் வேண்டியிருந்ததென்றால், குடியிருப்புகளுக்கு இடையே எத்தனை வேண்டியிருந்திருக்கும்!

1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765க்குப் பின் பிரெஞ்சுக்காரர் மீண்டும் எழுப்பினர். கட்டடங்கள் அழிந்து புதியன வந்தனவே தவிரக் கோடுகள் அழியவில்லை. பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டில், பழைய மதில் இருந்த சுற்றில் முட்டை வடிவமான புல்வார் சாலை அமைந்தது. அதற்கு உள்ளே இருந்தது நகரம். வெளியே குப்பங்கள், பேட்டைகள், தோட்டங்கள், சேரிகள். வடக்கே குருசுக்குப்பமும் வைத்திக்குப்பமும், தெற்கே வம்பாகீரப்பாளையமும் தூப்ராயப்பேட்டையும் உப்பளமும் இவ்வாறு ‘வெளியே’ ஆயின. மீனவரும், சுமை தூக்குவோரும், நகரின் குப்பையையும் மலத்தையும் அள்ளியோரும், பின்னாளில் ஆலைத் தொழிலாளரும் இத்தகைய இடங்களில்தான் குடிசை போட முடிந்தது. அவர்கள் இல்லாமல் உள்நகரம் ஒருநாளும் இயங்கியிருக்காது.

கோடு கிழித்தவர்கள் மனிதரைப் பிரித்ததாகத்தான் எண்ணினர். ஆனால், தரையில் கிழித்த கோட்டில் தண்ணீரும் ஓடும். வெள்ளம் பள்ளத்தை நாடும் என்பது உழவன் மகனுக்குச் சொல்லித் தர வேண்டிய பாடமன்று. மக்களைப் பிரித்த பெரிய வாய்க்காலே நகரின் கழிவுநீரைச் சுமக்கும் வாய்க்காலும் ஆயிற்று. அதுவும், மேற்குப் பகுதியின் நீரை வாங்கி வரும் உப்பனாற்று வாய்க்காலும் தெற்கு நோக்கி வந்து கடலைத் தேடுகின்றன. கடல் மட்டத்தோடு ஏறக்குறையச் சமமாகக் கிடக்கும் அத்தரையில் நீருக்கு ஓட்டம் குறைவு. ஏற்றத்தின்போது கடல்நீர் எதிர்த்து நின்றால் அந்த ஓட்டமும் நின்றுபோகும். மேட்டில் இருப்பவர் தம் வீட்டுக் கழிவுநீரை வெளியேற்றிவிட்டதாக நிம்மதி அடைகிறார். அந்நீர் எங்கும் போய்விடுவதில்லை. பள்ளத்தில் இருப்பவரின் வாசலில் சற்று இளைப்பாறுகிறது.

நன்னீர் வந்த வழி வேறு. முத்திரைப்பாளையத்து ஊற்றுநீரை வாய்க்கால் வழியே நகருக்குக் கொண்டுவரும் பணி மூன்றாம் நெப்போலியன் காலத்தில் நடந்தது. அப்பணியோடு பேசப்படும் பொறியாளர் லமரேஸ், தமிழ்ப் பாடல்களைப் பிரெஞ்சு மொழியில் தந்தவரும் ஆவார் என்பது கவிஞர்களுக்கு உவப்பான செய்தி. நீர் வந்ததன் நினைவாக எழுப்பிய ஆயி மண்டபம், ஆளுநர் மாளிகைக்கு எதிரே பூங்காவின் நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. தன் மாளிகையை இடித்துவிட்டு அவ்விடத்தில் குளம் வெட்டினாள் என்று கதை கூறும் கணிகை ஆயிக்கு இவ்வூரில் கிடைத்த மரியாதை அது. அரசன் ஒருவன் அவள் இல்லத்தைக் கோயிலெனக் கருதி வணங்கியதாகவும், உண்மை தெரிந்தபின் சினந்து அதை இடிக்க ஆணையிட்டதாகவும், அவளே முன்வந்து இடித்ததாகவும் அக்கதை விரியும். கதை மெய்யோ பொய்யோ, வீட்டை இழந்து ஊருக்கு நீர் தந்தவள் ஒரு பெண் என்று மக்கள் நினைவு சொல்கிறது. அந்த நீர் முதலில் எட்டிய இடம் எது என்பதை மண்டபம் நிற்கும் இடமே காட்டுகிறது.

மருத்துவமும் அதே கரையில்தான் அமைந்தது. 1863இல் புதுவையில் மருத்துவப் பள்ளி தொடங்கியது. அக்காலத்தில் இந்திய நகரங்கள் பலவற்றுக்கு வாய்க்காத பேறு அது. தமிழ் மாணவர்கள் அங்கே பயின்று மருத்துவர்களாயினர். அரசுப் பொது மருத்துவமனை வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளை நகருக்குள் இருக்கிறது. நோய் மிகுந்திருந்த இடத்திலிருந்து மருந்து இருந்த இடத்துக்கு நோயாளி கோடுகளைத் தாண்டிச் செல்ல வேண்டியிருந்தது. பள்ளியின் வழித்தோன்றலாக 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி எழுந்து, 1964இல் ஜிப்மர் ஆகிக் கோரிமேட்டில் புகழ்பெற்று விளங்குவது யாவரும் அறிந்ததே.

சாக்கடை எங்கே வெட்டுவது, விளக்குக் கம்பம் எங்கே நடுவது என்பதையெல்லாம் முடிவு செய்ய 1880இல் நகராட்சி மன்றங்கள் வந்தன. வாக்காளர் பட்டியலோ ஐரோப்பியர்க்கு ஒன்று, இந்தியர்க்கு ஒன்று எனத் தனித்தனியாக இருந்தது. சிறு தொகையினரான ஐரோப்பியரின் வாக்கு, பெருந்தொகையினரான தமிழரின் வாக்கைவிடப் பன்மடங்கு எடை பெற்றது. சமத்துவம், சகோதரத்துவம் என்ற சொற்களை அரசு முத்திரையில் பொறித்த குடியரசு, வாக்குப் பெட்டியில் அவற்றை மறந்தது. இரண்டாம் உலகப் போர் முடியும் காலம் வரை தனிப் பட்டியல் முறை ஏதோவொரு வடிவில் தொடர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றிய பஞ்சாலைகள் நகரின் மக்கள்தொகையைப் புல்வாருக்கு வெளியே பெருக்கின. 1879இல் விழுப்புரத்திலிருந்து இரயில் வந்தது. நிலையம் தெற்குப் புல்வாரை ஒட்டி அமைந்தது. உப்பளத்துக்கும் நகருக்கும் இடையே இன்னொரு கோடு விழுந்தது. சவானா ஆலை வளாகத்தில் 1870களின் இறுதியில் தோண்டிய ஆழ்கிணற்றில் நீர் தானே பொங்கி மேலெழுந்த அதிசயத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் எழுதி வைத்துள்ளனர். ஆலைக்கு நீர் பஞ்சமில்லை. ஆலைத் தொழிலாளியின் குடிசைக்குத் தெருக்குழாய் வரப் பல தலைமுறை ஆயிற்று.

அவர்கள் கேட்டதெல்லாம் வேலை நேரக் குறைப்பு, கூலி உயர்வு, சங்கம் அமைக்கும் உரிமை. 1936 ஜூலை 30ஆம் நாள் சவானா ஆலை முன் துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு தொழிலாளர் மாண்டனர். 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. ஆசியாவிலேயே இதுவே முதல் என்று புதுவையார் பெருமையோடு கூறுவர். எட்டு மணி நேரச் சட்டத்தை நலவாழ்வுச் சட்டம் என்று எவரும் வகைப்படுத்துவதில்லை. ஆனால் பஞ்சுத்தூசியை நாளெல்லாம் சுவாசித்த நெஞ்சுக்கு அதைவிடச் சிறந்த மருந்து அந்நாளில் ஏது? போராட்டத்தை நடத்திய வ. சுப்பையாவின் பெயர் பின்னாளில் தெற்குப் புல்வாருக்கு இடப்பட்டது. நகரையும் உப்பளத்தையும் பிரித்த அதே கோடு இன்று சுப்பையா சாலை. இப்பெயர் வைத்தவர்கள் அதை எண்ணித்தான் செய்தார்களோ, அறியோம்.

வீடு என்பது எத்தகைய காப்பு என்பதைப் புதுவைக் கவிதையே ஓரிடத்தில் பதிவு செய்திருக்கிறது. 1916 நவம்பர் 22ஆம் நாள் இரவு புதுவையைப் பெரும்புயல் தாக்கியது. நள ஆண்டு கார்த்திகை 8, புதன் இரவு என்று நாள் குறித்தே பாரதியார் அதைப் பாடினார். கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதாக அமைந்த அச்சிறு பாட்டின் உயிர்நிலை, முன்னிருந்த வீட்டை விட்டு நல்ல வேளையாக நீங்கினோம் என்னும் நிம்மதிப் பெருமூச்சு. வாடகை வீட்டை மாற்றிக்கொள்ள முடிந்ததால் ஒரு குடும்பம் பிழைத்தது. கீற்றுக் கூரையின் கீழ், கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவே இருந்தோர்க்கு மாறிச் செல்ல வேறு வீடு இருந்திருக்குமா? அந்தப் பாட்டை நகரமைப்பு நூலாகப் படிப்பதும் ஒரு வகையில் நேர்மையான வாசிப்பே.

புயல் ஓரிரவில் போய்விடும். சாக்கடை போகாது. அது தந்த நோய் யானைக்கால்.

இந்நோய் பாவத்தால் வருவது என்றும், கெட்ட தண்ணீரைக் குடித்தால் வருவது என்றும் மக்கள் நம்பினர். உண்மை துண்டு துண்டாகவே வெளிவந்தது. 1872இல் கல்கத்தாவில் தீமோத்தி லூயிஸ் மனிதக் குருதியில் நுண்புழுவைக் கண்டார். 1876இல் ஆஸ்திரேலியாவில் ஜோசப் பான்கிராப்ட் முதிர்ந்த புழுவைக் கண்டார். 1877இல் சீனத்து அமோய்த் துறைமுகத்தில் பாட்ரிக் மான்சன், நோயாளியைக் கடித்த கொசுவின் உடலில் அப்புழு வளர்வதைக் கண்டார். எனினும், கொசு நீரில் விழுந்து சாக, அந்நீரைக் குடித்தவர்க்கு நோய் வருகிறது என்றே அவர் கருதினார். கடியினாலேயே பரவுகிறது என்பது 1900 அளவில்தான் தெளிவாயிற்று. அறிவியல் தேடியலைந்த இந்தக் கால் நூற்றாண்டிலும் அதன் பின்னரும், தென்னிந்தியக் கடற்கரைப் பட்டினங்களில் மக்கள் நெறிகட்டிக் காய்ச்சலில் கிடந்து, கால் வீங்கி, தெருவில் இறங்க நாணி வாழ்ந்தனர்.

இதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு, தெளிந்த நீரைவிடத் தேங்கிய அழுக்குநீரையே விரும்பும். மூடாத சாக்கடை, மலக்குழி, கைவிட்ட கிணறு ஆகியவை அதன் தொட்டில்கள். ஓரிருமுறை கடிபட்டால் நோய் வந்துவிடாது. ஆண்டுக்கணக்கில், இரவுதோறும் கடிபட்டால்தான் புழு உடலில் நிலைபெறும். ஆகவே இது வழிப்போக்கனின் நோயன்று; சாக்கடை ஓரம் நிரந்தரமாகக் குடியிருப்போரின் நோய். நோயின் தோற்றுவாய் முகவரியிலேயே இருக்கிறது. இது உயிரைக் கொல்வது அரிது. உழைப்பைக் கொல்லும், திருமணத்தைத் தடுக்கும். மீன்கூடை சுமக்கும் பெண்ணுக்கும் ரிக்‌ஷா மிதிப்பவனுக்கும் கால்தானே முதல்? சாவுக் கணக்கில் இடம்பெறாத நோய்க்கு அரசின் கவனமும் எளிதில் கிட்டுவதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் புதுவையில் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தை நிறுவியது. பி.கே. இராஜகோபாலன் தலைமையில் அம்மையம் 1981 முதல் 1985 வரை புதுவை நகரில் நடத்திய ஒருங்கிணைந்த கொசு ஒழிப்புத் திட்டம் உலக மருத்துவ ஏடுகளில் பேசப்பட்டது. புழு இரவில்தான் குருதியின் மேற்பரப்புக்கு வருமாதலால், பணியாளர்கள் ஊர் உறங்கிய பின் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டி விரல் நுனியில் குருதி எடுத்தனர். நள்ளிரவில் ஊசியோடு வந்து நிற்பவரை எந்த வீடு மகிழ்ந்து வரவேற்கும்? இருந்தும் மக்கள் ஒத்துழைத்தனர்.

இத்திட்டத்தின் தனிச்சிறப்பு, பூச்சிமருந்தை முதற்படையாகக் கொள்ளாமையே. அடைபட்ட வாய்க்கால்களைத் தூர்வாரினர். ஓட்டமில்லாதவற்றின் சரிவைத் திருத்தினர். வேண்டாத பள்ளங்களை மூடினர். கிணறுகளில் கொசுப்புழு தின்னும் மீன்களை விட்டனர். பயன்படாத கிணறுகளின் நீர்ப்பரப்பை நுரைநெகிழி மணிகளால் மூடினர். சுருங்கக் கூறின், கொத்தனாரும் மண்வெட்டியும் மருத்துவம் செய்தனர். கொசு பெருமளவு குறைந்தது. புதிதாகக் குழந்தைகளுக்கு நோய் தொற்றுவதும் குறைந்தது. வாய்க்காலை ஒழுங்காக ஓடவிட்டால் கால்கள் வீங்கா என்பது கண்முன்னே மெய்ப்பிக்கப்பட்டது.

ஐந்தாண்டு முடிந்தது. பணி அன்றாட நிர்வாகத்தின் கைக்கு மாறியது. அதன்பின் கொசு மீண்டும் பெருகியதை அம்மைய ஆய்வாளர்களே தொடர்ந்து கண்காணித்துக் கட்டுரைகளாக எழுதினர். தம் வெற்றி கரைவதைத் தாமே அளந்து வெளியிட்ட அந்த நேர்மை போற்றத்தக்கது. தூர்வாரும் பணிக்குத் திறப்பு விழா கிடையாது, கல்வெட்டும் கிடையாது. அதனால்தான் அது முதலில் நின்றுபோகிறது.

கடலோரத்திலும் இதே கதை வேறு உருவில் நடந்தது. அரியாங்குப்பத்து ஆற்று முகத்தில் 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கல்லணைகள் நீட்டப்பட்டன. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும் மணல் அங்கேயே தடைப்பட்டது. வடக்கே மணற்கரை கரைந்தது. உள்நகருக்கு முன்னே கற்கள் குவித்துக் காத்தனர். கடல் தன் பசியை மேலும் வடக்கே உள்ள குப்பங்களில் தீர்த்துக்கொண்டது. வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் மணல் இல்லாத மீனவர் ஊர்கள் உண்டாயின.

2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு வைசியாள் வீதியின் திண்ணைகளும் தாழ்வாரங்களும் செப்பனிடப்பட்டன; 2008இல் அதற்கு யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. மகிழ வேண்டிய செய்தி. தமிழர் வீடும் காக்கத்தக்க மரபே என்று ஒப்புக்கொள்ள மூன்று நூற்றாண்டுகள் ஆயின. எனினும், மரபு என்னும் பட்டம் புல்வாருக்கு உள்ளேயே நின்றுவிட்டது. வெளியே உள்ள வீட்டுக்கு ‘ஆக்கிரமிப்பு’ என்றும் ‘குடிசைமாற்று’ என்றும் வேறு சொற்கள் உள்ளன. வீட்டின் தகுதியைச் சுவரின் வயது மட்டுமே தீர்மானிப்பதில்லை போலும்.

2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலின்போது புதுவையில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. எந்த வாய்க்காலும் அதைத் தாங்கியிருக்காது. மேடு பள்ளம் பாராமல் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. ஆனால் மழை நின்றபின் நீர் வடிந்த வரிசையில் பழைய வரைபடம் மீண்டும் தெரிந்தது.

உப்பளத்தில் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. பிரெஞ்சு எழுத்துப் பொறித்த கற்களும் தமிழ் எழுத்துப் பொறித்த கற்களும் அங்கே கிடக்கின்றன. ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, புல்வாருக்கு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் மக்கள் பூமாலையும் மெழுகுவத்தியும் ஏந்தி வருவர். அது வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்ட காலம். முதல்நாளே வந்து கல்லறைகளைச் சுற்றித் தேங்கிய நீரை வாளியால் இறைத்து, சேற்றின்மேல் மணல் பரப்பிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.